ஆமை இல்லாத பள்ளம்

"பதினொண்ணு!" என்று கானாங்கோழி குமுதி தனக்குள் எண்ணி முடித்தாள்.

மூங்கிலடிக் குளத்தின் மேற்குக் கரையில் பதினோரு கெண்டைக் குஞ்சுகள் வயிறு மேலே தெரிய மிதந்துகொண்டிருந்தன. செவுள்கள் மட்டும் மெல்ல அசைந்தன. நாணல் புதருக்குள்ளிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்த குமுதி, யாரோ வரும் சத்தம் கேட்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். கூச்சம் அவளுக்குப் பிறவிக் குணம். குளத்தில் நடப்பதெல்லாம் அவள் கண்ணில் படும். அவள்தான் யார் கண்ணிலும் பட மாட்டாள்.

நீந்தி வந்தது கெண்டையம்மா.

"ஐயோ, மறுபடியுமா! யாராவது ஓடி வாங்களேன்! என் பிள்ளைங்க!"

தவளைகள் தாவி வந்தன. ஆளுக்கு ஒரு குஞ்சாகத் தள்ளிக்கொண்டு கிழக்குக் கரைக்கு விரைந்தன. அங்கே ஊற்றுக்கண் இருந்தது. மணலைக் கிளப்பிக்கொண்டு புதுத்தண்ணீர் குமிழியிட்டது. அந்தத் தண்ணீர் பட்டதும் எட்டுக் குஞ்சுகள் வாலை அசைத்துப் புரண்டு நிமிர்ந்தன. மூன்று நிமிரவில்லை.

கோடை தொடங்கியதிலிருந்து இது மூன்றாவது தடவை.

அன்று காலையே கூட்டம் கூடியது. தவளை நாட்டாமை பெரிய தாமரை இலைமேல் ஏறித் தொண்டையை உப்பினார்.

"நம்ம குளத்து வழக்கம் எல்லாருக்கும் தெரியும். கெட்டது நடந்தா, கடைசியா வந்தவர் வெளியே போகணும்!"

எல்லாக் கண்களும் ஆமையக்கா பக்கம் திரும்பின.

ஆமையக்கா மாசி மாதத்தில்தான் வந்திருந்தாள். அவள் பிறந்த ஏரி வற்றிப்போனதால், வாய்க்காலின் கடைசி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தவள். முதுகெல்லாம் பச்சைப் பாசி.

"நான் நாள் குறிச்சு வெச்சிருக்கேன்!" என்று கொடுக்கை உயர்த்தினான் நண்டு வளையன். "இவ வந்த மூணாம் நாளே முதல் மயக்கம் வந்துச்சு. அதுக்கு முன்னால இந்தக் குளத்துல இப்படி நடந்ததே இல்லை. அந்த முதுகுப் பாசியில ஏதோ இருக்கு!"

வளையனைக் குளத்தில் யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. யார் எதைச் சொன்னாலும் "அதெப்படி உனக்குத் தெரியும்?" என்று பக்கவாட்டில் வந்து நிற்பான். ஆனால் இன்றைக்கு எல்லோரும் அவன் சொன்னதற்குத் தலையாட்டினார்கள்.

"எங்கே போவேன்?" என்றாள் ஆமையக்கா. "அடுத்த தண்ணி மூணு குன்று தாண்டி. பாறையெல்லாம் கொதிக்குது. பாதி வழியில ஓட்டுக்குள்ளேயே வெந்துபோவேனே!"

"வருத்தம்தான்," என்றார் நாட்டாமை. "ஆனா வழக்கம் வழக்கம்தான். போன வருஷம் தலைப்பிரட்டைகளுக்கு நோய் வந்தப்ப உள்ளானை அனுப்பினோம். மறுநாளே நின்னுடுச்சு. மறந்துட்டீங்களா?"

குமுதி மறக்கவில்லை. உள்ளான் ஒரு சின்னக் குருவி. வாலை ஆட்டி ஆட்டிக் கரையோரம் பூச்சி பொறுக்கும். அது அழுதுகொண்டே பறந்துபோன அன்று, கோடை மழை கொட்டித் தீர்த்தது. குளம் ஒரு சாண் ஏறியது. நோய் நின்றது உள்ளான் போனதாலா, புதுத்தண்ணீர் வந்ததாலா? அன்றைக்கே அவளுக்கு இந்தச் சந்தேகம் வந்தது. வாய் வரவில்லை. அதன்பின் அந்த வெறும் கரையைப் பார்க்கும்போதெல்லாம் அவள் வேறுபக்கம் திரும்பிக்கொள்வாள்.

இன்றைக்கும் வாயை மூடிக்கொண்டால்?

"அன்னைக்கு மழையும் பெஞ்சுது," என்றது ஒரு சின்னக் குரல்.

"யாரது?" நாட்டாமை சுற்றுமுற்றும் பார்த்தார். நாணல் விலகியது. குமுதி வெள்ளை மார்பு தெரிய வெளியே வந்தாள்.

"நான்தான்... உள்ளான் போன அன்னைக்கு மழையும் பெஞ்சுது. அதனால, நோய் எதனால நின்னுச்சுன்னு நமக்குத் தெரியாது."

"சரி, தெரியாது," என்று வளையன் நகர்ந்து வந்தான். "ஆமை காரணம் இல்லைன்னு மட்டும் உனக்கு எப்படித் தெரியும்?"

"அக்கா அப்படிப்பட்டவங்க இல்லை!"

வளையன் நுரை தெறிக்கச் சிரித்தான். "அப்படிப்பட்டவங்க இல்லையாம்! மனசு நல்லதா இருந்தா முதுகுல விஷம் இருக்காதா? போம்மா, போய் நாணலுக்குள்ள உட்காரு!"

தவளைகளும் சேர்ந்து சிரித்தன. குமுதிக்கு மூக்கின் சிவப்பு கழுத்துவரை இறங்கியது. இருந்தாலும் அவள் நகரவில்லை. நாட்டாமை அதைக் கவனித்தார்.

"சரி. அஞ்சு நாள் தர்றேன். அதுக்குள்ள வேற காரணத்தை எங்க கண்ணால பார்க்குற மாதிரி காட்டு. இல்லேன்னா ஆறாம் நாள் காலையில ஆமை புறப்படணும்."

குமுதி இவ்வளவு துணிந்ததற்குக் காரணம் இருந்தது. பங்குனியில் எருமைகள் குளத்தில் இறங்கியபோது எழுந்த அலையில் அவள் கூடு சாய்ந்து, ஒரு முட்டை உருண்டு சேற்றில் விழுந்துவிட்டது. எருமையின் கால் அதன்மேல் படுவதற்குள் ஆமையக்கா மூக்கால் அதை நெட்டித் தள்ளிக் கூடுவரை கொண்டுவந்து சேர்த்தாள். யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. அவளும் யாரிடமும் சொல்லவில்லை. ஏழு முட்டையும் பொரிந்தன. அந்த முட்டையிலிருந்து வந்த குஞ்சு இப்போது கறுப்புப் பஞ்சு உருண்டையாக ஆமையக்காவின் முதுகில் ஏறிச் சறுக்கி விளையாடுகிறது.

அன்று மத்தியானமே குமுதி வேலையில் இறங்கினாள். குளக்கரையெங்கும் எருமைகள் புரண்டு உண்டாக்கிய பள்ளங்கள் இருந்தன. ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தில் தண்ணீர் தளும்பியது. அதில் ஆமையக்காவை இறக்கினாள். கெண்டையம்மா அரைமனதாகக் கொடுத்த பத்துக் குஞ்சுகளையும் விட்டாள். வெயில் சாய்கிறவரை கண் கொட்டாமல் பார்த்தாள். ஒரு குஞ்சுகூட மயங்கவில்லை!

"பாருங்க! எல்லாரும் வந்து பாருங்க!" குமுதி தன் கூச்சத்தையெல்லாம் மறந்து கூவினாள். "அக்காகூடப் பத்துக் குஞ்சும் நாளெல்லாம் இருந்துச்சு. ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகலை!"

வளையன் பள்ளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தான்.

"இது ஊற்றுத் தண்ணி. குஞ்சுங்க மயங்குறது எங்கே? மேற்குக் கரையில. அங்கே ஏன் வைக்கலை?"

குமுதி மேற்குக் கரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆமை இல்லாம இன்னொரு பள்ளத்துல குஞ்சுங்களை விட்டுப் பார்த்தியா?"

"ஆமை இல்லாமலா? அது எதுக்கு?"

"எதுக்கா! ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா? அப்புறம், மயங்குதா இல்லையான்னு பார்த்தது யாரு? நீ. உன் முட்டையை ஆமை தூக்கித் தந்த கதை எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? நான் அன்னைக்குச் சேத்துக்குள்ளதான் இருந்தேன். நன்றி உள்ள கண்ணு, ஒரு குஞ்சு சாய்ஞ்சாலும் அது தூங்குதுன்னுதான் சொல்லும்!"

குமுதி நாணலுக்குள் ஓடிப்போய் அழுதாள். ஆமையக்கா பின்னாலேயே வந்தாள்.

"அந்த நண்டுக்கு நெஞ்சுல ஈரமே இல்லை அக்கா!"

ஆமையக்கா அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். பிறகு, "அவன் கேட்டதுல தப்பு என்ன குமுதி?" என்றாள். "என் முதுகுப் பாசியைப் பத்தி எனக்கே என்ன தெரியும்? நிஜமாவே அதுல ஏதாவது இருந்தா? என்னால ஒரு குஞ்சு சாகுதுன்னு தெரிஞ்சா, யாரும் அனுப்பாமலே நான் போயிடுவேன். எனக்கும் தெரிஞ்சாகணும்."

குமுதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் விடிந்ததும், இதுவரை போகாத ஓர் இடத்துக்குப் போனாள். வளையனின் வளை வாசல்.

"நண்டண்ணே..."

"என்ன, சண்டை போட வந்தியா?"

"இல்லை. எப்படிச் செஞ்சு காட்டினா நீங்க ஒத்துக்குவீங்க? அதைக் கேட்க வந்தேன்."

வளையனின் இரண்டு கண்களும் காம்போடு நிமிர்ந்தன. வளை வாசலுக்கு வந்தவர்கள் எல்லாம் இதுவரை அவனைத் திட்டத்தான் வந்திருந்தார்கள். கேட்க வந்தவர் யாருமில்லை.

"அது... உள்ளே வா. இல்லை, நீ உள்ளே வர முடியாது. நானே வர்றேன்," என்று தடுமாறினான்.

இருவரும் மேற்குக் கரைக்குப் போனார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பள்ளங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டும் ஒரே ஆழம் வரும்வரை வளையன் கொடுக்கால் அளந்து அளந்து தோண்டினான். குளத்திலிருந்து சின்ன வாய்க்கால் வெட்டி, ஒரே இடத்துத் தண்ணீரை இரண்டுக்கும் விட்டான்.

"ஒண்ணுல ஆமை இருக்கும். இன்னொண்ணுல இருக்காது. மத்தபடி ரெண்டுலயும் எல்லாம் ஒண்ணா இருக்கணும்," என்றான் வளையன். "அப்பத்தான் வித்தியாசம் வந்தா அது ஆமையாலதான்னு சொல்லலாம்."

குமுதி தலையைச் சாய்த்து யோசித்தாள். "அண்ணே, அக்கா இறங்கினதும் அந்தப் பள்ளத்துல தண்ணி மேலே ஏறும். குஞ்சுங்களுக்கு இடமும் குறையும். அப்போ ரெண்டும் ஒண்ணா இருக்காதே? இன்னொண்ணுல அக்கா அளவுக்கு ஒரு கல் போட்டுட்டா?"

"அட!" என்றான் வளையன். அந்தக் கல்லைத் தேட அவனே போனான். ஆமையக்கா அதை மூக்கால் உருட்டி வந்து சேர்த்தாள்.

கெண்டையம்மா இருபது குஞ்சுகளோடு வந்தாள். "எத்தனையோ போயாச்சு. எதனாலன்னு தெரிஞ்சுக்கிட்டாவது போகட்டும்," என்று சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது.

"எதுவும் போகாது," என்றாள் குமுதி. "நான் பக்கத்துலயே நிப்பேன். வெயில் உச்சிக்கு வந்ததும் திறந்துடுவோம். ஊற்றுக்குத் தள்ளிட்டுப் போகத் தவளைங்க தயாரா நிக்கட்டும்."

வளையன் இன்னொரு ஏற்பாடும் செய்தான். எல்லோரையும் மறுபக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, ஆமையக்காவிடம் கல்லை ஒரு பள்ளத்தில் உருட்டிவிட்டு மற்றதில் இறங்கச் சொன்னான். குஞ்சுகளைப் பத்துப் பத்தாக இரண்டிலும் விட்டான். இரண்டையும் தாமரை இலைகளால் மூடினான். எந்தப் பள்ளத்தில் ஆமை என்று அவனுக்கும் ஆமையக்காவுக்கும் மட்டும்தான் தெரியும்.

"திறக்கிறதுக்கு முன்னால மறுபடி எல்லாரும் திரும்பிக்கணும். ஆமை வெளியே வந்து, கல்லையும் வெளியே தள்ளிடும். அப்புறம் நீயும் நாட்டாமையும் வந்து எண்ணுங்க. எது எந்தப் பள்ளம்னு தெரியாம எண்ணினா, உன் நன்றியும் உள்ளே வராது, என் சந்தேகமும் உள்ளே வராது."

"நீங்க எண்ணக் கூடாது," என்றாள் குமுதி.

"நான் எண்ண மாட்டேன்," என்றான் வளையன். "இன்னொண்ணு. என்ன நடக்கும்னு ஒவ்வொருத்தரும் இப்பவே சொல்லிடணும். அப்புறம் பார்த்துட்டு, நான் அப்பவே நினைச்சேன்னு யாரும் சொல்லக் கூடாது. நாட்டாமை, உங்களைத்தான்!"

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்று நாட்டாமை முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆமை இருக்கும் பள்ளத்தில் மட்டும் குஞ்சுகள் மயங்கும் என்றார். வளையனும் அதையே சொன்னான். குமுதி, இரண்டிலும் மயங்காது என்றாள். வளையன் மூன்றையும் ஈரச் சேற்றில் கீறி வைத்தான்.

வெயில் உச்சிக்கு வந்தது. எல்லோரும் மறுபடி திரும்பிக்கொள்ள, ஆமையக்கா வெளியேறிக் கல்லையும் வெளியே தள்ளினாள். நாட்டாமை முதல் பள்ளத்தின் இலையை விலக்கினார்.

ஆறு குஞ்சுகள் மிதந்தன!

"பார்த்தீங்களா!" நாட்டாமை குதித்தார். "ஆமை இருந்த பள்ளம் இதுதான்! ஆறு! இனி என்ன சோதனை வேண்டியிருக்கு? ஆமையைப் புறப்படச் சொல்லுங்க!"

மயங்கிய குஞ்சு ஒன்று மெல்ல வாயைத் திறந்து, "எங்க பள்ளத்துல..." என்றது.

"வாயை மூடு!" என்று அதட்டினான் வளையன். "நாட்டாமை, கொஞ்சம் பொறுங்க. இன்னொண்ணு இருக்கு. அதையும் திறங்க."

இரண்டாவது இலை விலகியது.

அங்கே ஏழு மிதந்தன.

தவளைகள் பாய்ந்தன. பதின்மூன்று குஞ்சுகளும் ஊற்றுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொன்றாகப் புரண்டு நிமிர்ந்தன. கெண்டையம்மா பதின்மூன்றையும் முகர்ந்து பார்த்த பிறகுதான் குமுதிக்கு மூச்சு வந்தது.

"இப்போ சொல்லுங்க அண்ணே. அக்கா எதுல இருந்தாங்க?"

"முதல் பள்ளத்துல," என்றான் வளையன் மெதுவாக. "ஆமை இருந்த இடத்துல ஆறு. இல்லாத இடத்துல ஏழு."

"அடேயப்பா! அப்போ ஆமை இருந்தா நல்லதுன்னு ஆகுதே! நான் அப்பவே நினைச்சேன்!" என்றார் நாட்டாமை.

"நீங்க நினைச்சது சேத்துல இருக்கு. படிக்கட்டுமா? ஒண்ணு கூடினதுக்கும் குறைஞ்சதுக்கும் அர்த்தம் கற்பிக்காதீங்க. ஆமை இருந்தாலும் மயங்குது, இல்லாட்டியும் மயங்குது. அவ்வளவுதான் நமக்குத் தெரியும். நான் சொன்னது தப்பு. குமுதி சொன்னதும் தப்பு."

குமுதி இரண்டாவது பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆமை இல்லாத பள்ளம். அது எதுக்கு என்று நேற்று அவள் கேட்ட பள்ளம். அது மட்டும் இல்லாமல், மேற்குக் கரையில் ஒரே பள்ளத்தை வைத்துப் பார்த்திருந்தால்? ஆறு குஞ்சுகள் மிதந்திருக்கும். அக்காவை வெளியே அனுப்பும் சாட்சியை அவளே தேடித் தந்திருப்பாள். அக்காவைக் காப்பாற்றியது அவளுடைய அன்பு அல்ல. அக்காவை அனுப்ப வேண்டும் என்று சொன்ன நண்டு கேட்ட கேள்வி.

அவள் வளையனைப் பார்த்தாள். அவன் கொடுக்கில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"ஆமை இல்லேன்னா வேற யாரு?" என்று நாட்டாமை தொண்டையை உப்பினார். "வழக்கம்னு ஒண்ணு இருக்கே. ஆமைக்கு அடுத்து, கடைசியா வந்தது யாரு?"

"ஆமைக்கு அப்புறம் வந்ததா? குமுதியோட ஏழு குஞ்சுங்க," என்றான் வளையன். "அதுங்களை அனுப்பிடலாமா?"

நாட்டாமை திருதிருவென்று விழித்தார். "அதுங்க எங்கே வந்துச்சு? அதுங்க பொரிஞ்சதுங்க!"

சிரிப்பில் கூட்டம் கலைந்தது. ஆனால் நாள் இரண்டு போய்விட்டது.

மூன்றாம் நாள் குமுதி சொன்னாள்: "எருமைங்கதான்! இறங்கினாலே சேறு கலங்குது. சேறு செவுள்ல அடைச்சுக்கிட்டா மயக்கம் வராதா? எனக்கு நிச்சயமாத் தெரியும்!"

"உன் கூட்டைச் சாய்ச்சதும் எருமைதானே?" என்றான் வளையன்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை!"

"இல்லைன்னா நல்லது. பார்த்துடலாம்."

இம்முறை ஊற்றுப் பக்கம் இரண்டு பள்ளங்கள். ஒன்றில் சேற்றைக் குழம்பாகக் கலக்கினார்கள். மற்றதில் தெளிந்த தண்ணீர். குமுதி தன் கணிப்பைத் தானே அழுத்திக் கீறினாள். வெயில் உச்சிக்கு வந்தது. சேற்றுப் பள்ளத்துக் குஞ்சுகள் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றும் மயங்கவில்லை.

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். நாணல் பக்கத்தில்தான் இருந்தது. ஒரே ஓட்டமாக ஓடிவிடலாம். நேற்று வளையன் எல்லோர் முன்னாலும் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது.

"நான் நினைச்சது தப்பு," என்றாள் குமுதி.

வானம் இடிந்து விழவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. ஈர இறகை உதறியதுபோல் அவளுக்கு லேசாக இருந்தது. எருமைகளை இத்தனை நாள் வீணாகத் திட்டியதற்கு மனதுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள். கூட்டைச் சாய்த்ததற்கு மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

அன்று சாயங்காலம் நாணலில் உட்கார்ந்து, பார்த்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஊற்றுப் பக்கம் மயக்கம் இல்லை. மேற்குக் கரையில்தான் உண்டு. அங்கே என்ன இருக்கிறது? சேறு இங்கேயும் இருக்கிறது. தாமரை இங்கேயும் இருக்கிறது. மயக்கம் வந்த மூன்று நாளுக்கும் முந்தின நாள் என்ன நடந்தது? காற்று! மூன்று தடவையும் கூடு ஆடியது. மூன்று தடவையும் அவள் நாணலை இழுத்துக் கட்டினாள். காற்று அடித்தபோது மேற்குக் கரையில் தொப், தொப் என்று சத்தம் கேட்டது. தண்ணீருக்குமேல் சாய்ந்து நின்ற முள்மரத்திலிருந்து, மருக்காரைப் பழங்கள் விழுந்த சத்தம்.

நேற்றும் அந்தத் தண்ணீரில் மஞ்சள் மஞ்சளாய்ப் பழங்கள் வெடித்துக் கிடந்தனவே!

இரண்டு நாள் முன்பு என்றால் அவள் கத்தியிருப்பாள். இப்போது நேரே வளையனிடம் போனாள்.

"அண்ணே, ஒண்ணு தோணுது. தப்பாவும் இருக்கலாம்."

"இப்பத்தான் நீ ஒழுங்காப் பேசுறே," என்றான் வளையன். "சொல்லு."

கேட்டுவிட்டுக் கண்காம்புகளைச் சுழற்றினான். "அந்த மரம் எத்தனையோ வருஷமா இருக்கே? இத்தனை நாள் ஏன் மயக்கம் வரலை?"

"மத்த வருஷம் குளம் நிறைஞ்சு இருந்துச்சு. இந்த வருஷம் தண்ணி பாதிதான். அதனால இருக்குமோ?"

"இருக்கலாம். அது இன்னொரு கேள்வி. ஒரு நேரத்துல ஒண்ணைப் பார்ப்போம்."

நான்காம் நாள், ஊற்றுப் பக்கத்து அதே இரண்டு பள்ளங்களைச் சேறு போகக் கழுவிப் புதுத்தண்ணீர் விட்டார்கள். ஒன்றில், ஆமையக்கா தன் ஓட்டால் நசுக்கிய ஐந்து பழங்கள். மற்றதில் பழம் இல்லை. கெண்டையம்மா தயங்கினாள்.

"மறுபடியும் என் பிள்ளைங்களா?"

"இந்தத் தடவை மிதக்கிறவரை காத்திருக்க மாட்டோம்," என்றாள் குமுதி. "ஒரு குஞ்சு சாய்ஞ்சாலும் உடனே ஊற்றுக்கு. அந்தக் காவலை என்கிட்ட விடுங்க."

இலைகள் மூடப்பட்டன. எதில் பழம் என்று அறியாமல் குமுதி ஒவ்வொன்றின் விளிம்பையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தாள். பழத்தைப் பாசியில் பொதிந்து அடியில் புதைத்திருந்தான் வளையன்; மற்றதிலும் அதே அளவு வெறும் பாசியைப் புதைத்திருந்தான். முதல் பள்ளம். எல்லாம் நீந்தின. இரண்டாவது பள்ளம். எல்லாம் நீந்தின. மறுபடி முதல். மறுபடி இரண்டாவது. வெயில் ஏற ஏற அவள் கழுத்து வலித்தது. பிறகு,

"ரெண்டாவதுல ஒண்ணு சாயுது! எடுங்க! எடுங்க!"

பழம் இருந்தது அதில்தான்.

தவளைகள் ஆரவாரம் செய்தன. நாட்டாமை வாயைத் திறந்தார். சேற்றுக் கீறலைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். குமுதி மட்டும் வளையன் என்ன சொல்வான் என்று காத்திருந்தாள்.

"அந்தப் பள்ளமே கெட்ட பள்ளமா இருந்தா?" என்றான் வளையன்.

முன்பு என்றால் அழுதிருப்பாள். இன்றைக்குக் குமுதிக்குச் சிரிப்பு வந்தது. "நானும் அதைத்தான் நினைச்சேன். நாளைக்கு மாத்திப் போட்டுப் பார்ப்போம்."

ஐந்தாம் நாள் பள்ளங்களைக் கழுவி, முதல் பள்ளத்தில் பழத்தைப் போட்டார்கள். இம்முறை முதல் பள்ளத்துக் குஞ்சுதான் சாய்ந்தது. இரண்டாவதில் எல்லாம் துள்ளின. அதே நாள் மறுபடி மாற்றினார்கள். பழம் போன இடத்துக்கெல்லாம் மயக்கமும் போனது. ஆமையக்காவின் பெயரை அதற்குமேல் யாரும் எடுக்கவில்லை.

தவளை நாட்டாமை தாமரை இலையில் ஏறினார். தொண்டையை உப்பாமலே பேசினார்.

"நம்ம வழக்கத்தை மாத்துறேன். இனிமே கெட்டது நடந்தா, யாரையும் வெளியே அனுப்புறதுக்கு முன்னால ரெண்டு பள்ளம் தோண்டணும்."

மேற்குக் கரையிலிருந்த பழங்களை அன்றே அப்புறப்படுத்தத் தொடங்கினார்கள். மிதந்த பழங்களை ஆமையக்கா மூக்கால் நெட்டி நெட்டிக் கரை சேர்த்தாள். முட்டையைச் சேர்த்த அதே மூக்கு. குமுதி அவற்றைக் கரைக்கு அப்பால் உருட்டித் தள்ளினாள். காற்றடித்த பின்னும் குஞ்சுகள் மயங்கவில்லை. கெண்டையம்மா இப்போது குஞ்சுகளை எண்ணுவது ஆசைக்காக மட்டும்தான்.

வேலை முடிந்த மத்தியானம் வளையன் ஆமையக்கா முன்னால் வந்து நின்றான். பக்கவாட்டில் நடக்கிறவன், அன்றைக்கு எப்படியோ நேராக வந்தான்.

"அக்கா, நான் நினைச்சது தப்பு. உங்களை அனுப்பச் சொல்லி முதல்ல கையைத் தூக்கினவன் நான்."

"என்னை இங்கே இருக்கவெச்சவனும் நீதான்," என்றாள் ஆமையக்கா. "எனக்கே என்மேல இருந்த பயத்தை எடுத்துட்டே. நீ நல்லா இருக்கணும் தம்பி."

குமுதி நாணலைவிட்டு வெளியே வந்தாள். யார் பார்க்கிறார்கள் என்று சுற்றிப் பார்க்கவில்லை.

"அண்ணே, அன்னைக்கு நீங்க என் பக்கம் பேசியிருந்தா, ஒரே பள்ளத்தோட நிறுத்தியிருப்பேன். என் பக்கம் பேசாம இருந்ததுக்கு நன்றி. என் கண்ணை நம்பாததுக்கும் நன்றி."

"நன்றியா? எனக்கா?" வளையனின் வாயில் நுரை பொங்கியது. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கண்காம்புகள் இரண்டும் இரண்டு பக்கம் போயின. "நிஜமாத்தான் சொல்றியா? அதெப்படி எனக்குத் தெரியும்?"

"சோதிச்சுப் பாருங்களேன்!" என்றாள் குமுதி.

அடுத்த கோடையில் அவன் சோதித்துப் பார்க்கத் தேவையில்லாமல் போனது. குமுதி தன் புதுக் கூட்டை, குளம் முழுக்க நாணல் இருந்தும், அவன் வளைக்கு மேலேயே கட்டினாள்.

அதற்கு முன்பே, பனிக்காலத்தில் ஒரு காலை, உள்ளான் அந்த வழியாகப் பறந்து போனது. குமுதி வெட்டவெளிக் கரைக்கு ஓடிவந்து அதைக் கூப்பிட்டாள். "உன்னை அனுப்பின அன்னைக்கே எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. சொல்லாம இருந்துட்டேன். இறங்கி வா!" என்றாள். உள்ளான் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கியது. வெறுமையாக இருந்த கரையில் மறுபடி ஒரு சின்ன வால் ஆடியது.

நாம் நம்புவதை நாமே சோதித்துப் பார்க்க வேண்டும். அது தவறாக இருக்கலாம் என்று கேள்வி கேட்பவருக்குக் கோபப்படாமல் நன்றி சொல்ல வேண்டும்.